ஸ்ட்ரிங்ஸ் எழுதணுமா? முதலில் கீபோர்டை மூடி வையுங்கள்

வழக்கமான ட்யூனிங்கில் வயலினுக்குக் கிடைக்கிற ஆகக் கீழான ஸ்வரம் ஜி. அதற்கு நாலு செமிடோன் மேலே பி. பியானோவில் ஐந்து வயதுக் குழந்தைகூட இரண்டையும் சேர்த்து அழுத்திவிடும். ஒரே வயலினில் இரண்டையும் ஒரே நேரத்தில் வாசிக்கச் சொன்னால் வயலின் மேதை ஹைஃபெட்ஸே எழுந்து வந்தாலும் கையை விரித்துவிடுவார். அடுத்த தந்தி டி-யில்தான் ஆரம்பிக்கிறது. அதனால் இந்த ஜி, பி இரண்டுமே ஜி தந்தியில்தான் கிடைக்கும். ஒரு தந்தியில் ஒரு நேரத்துக்கு ஒரு ஸ்வரம். அவ்வளவுதான் கணக்கு.

கம்ப்யூட்டருக்கு இந்தக் கணக்கு தெரியாது. சாம்பிள் லைப்ரரியில் சோலோ வயலினைத் திறந்து ஜி-யையும் பி-யையும் சேர்த்து அழுத்துங்கள், அழகாகப் பாடும். பத்து விரலையும் வைத்தால் பத்து ஸ்வரமும் பாடும். அரை நிமிஷம் விரலை எடுக்காமல் இருந்தால் அரை நிமிஷமும் அதே பலத்தில் நிற்கும்.

இசையமைக்கக் கற்றுக்கொள்ளும் தம்பி, தங்கைகள் சிலர் அவ்வப்போது ஃபைல் அனுப்பி அபிப்பிராயம் கேட்பார்கள். கேள்வி ஏறத்தாழ ஒரே மாதிரிதான் வரும்: "அண்ணா, மத்ததெல்லாம் ஓகே. ஸ்ட்ரிங்ஸ் மட்டும் ஏதோ பொய்யா இருக்கு. எந்த லைப்ரரி வாங்கலாம்?" திறந்து பார்த்தால் வலது கையில் மூணு ஸ்வர கார்டு, இடது கையில் ஆக்டேவ். கார்டு மாறும்போது மொத்தக் கையும் அப்படியே இடம் பெயர்ந்திருக்கும். எழுதியிருப்பது பியானோ, மேலே ஸ்ட்ரிங்ஸ் சத்தத்தைப் பூசியிருக்கிறார்கள். எத்தனை ஆயிரம் கொடுத்து லைப்ரரி வாங்கினாலும் அது பியானோவாகவேதான் இருக்கும்.

இந்தப் பதிவு அவர்களுக்கு. நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான்: ஸ்ட்ரிங்ஸ் எழுதுவது என்றால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளின் இரண்டு கைகளுக்கு எழுதுவது. இடது கை எங்கே போகும், வலது கையில் இருக்கும் வில் எந்தப் பக்கம் நகரும் என்று தெரிந்து எழுதினால் பாதிப் பிரச்னை தானாகத் தீரும். மீதியைப் பார்க்கலாம்.

யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்

ஃபர்ஸ்ட் வயலின், செகண்ட் வயலின், வயோலா, செல்லோ, டபுள் பாஸ். ஐந்து வரி. இரண்டு வயலினுக்கும் கருவி ஒன்றே; வேலைதான் வேறு.

கர்நாடக வயலினை நாம் ச-ப-ச-ப என்று சேர்ப்போம், ஸ்ருதி பாடகரைப் பொறுத்து மாறும். மேற்கத்திய வயலினில் நாலு தந்தியும் ஜி, டி, ஏ, ஈ என்று நிரந்தரம். ஒவ்வொன்றும் முந்தையதற்குப் பஞ்சமம். வயோலாவில் அந்த ஈ இல்லை. கீழே ஒரு சி சேர்ந்து சி, ஜி, டி, ஏ. செல்லோவும் அதே சி, ஜி, டி, ஏ, ஒரு ஸ்தாயி கீழே. டபுள் பாஸ் மட்டும் ஜாதி வேறு: ஈ, ஏ, டி, ஜி, ஒவ்வொன்றும் முந்தையதற்கு மத்திமம். நோட்டேஷனில் எழுதியிருப்பதைவிட ஒரு ஸ்தாயி கீழே அது ஒலிக்கும். செல்லோவுக்கும் பாஸுக்கும் ஒரே ஸ்வரத்தை எழுதினால் காதில் ஆக்டேவாகக் கேட்பது அதனால்தான். ஹைடன், மொத்சார்ட் காலத்துப் பாஸ் வரி பெரும்பாலும் இப்படித்தான் நிற்கிறது.

திறந்த தந்திகள் எவை என்று மனப்பாடமாகத் தெரிய வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. டி, ஏ, ஜி என்று வாசிக்கும்போது அந்தந்தத் திறந்த தந்திகளும் தொடாமலேயே கூட அதிரும். கருவி முழுக்கத் திறந்துகொள்ளும். பீத்தோவன், பிராம்ஸ், சாய்கோவ்ஸ்கி மூவரின் வயலின் கான்செர்ட்டோவும் டி மேஜரில் இருப்பது, சிபெலியஸ் டி மைனருக்குப் போனது எல்லாம் சும்மா நடந்ததில்லை.

நம் ஊர் நடைமுறைக்கு இதை மாற்றிச் சொல்கிறேன். இரண்டு கட்டையில் பாட்டு எழுதி, ஸ்ட்ரிங்ஸும் எழுதி முடித்துவிட்டீர்கள். பாடகர் வந்து "அரைக் கட்டை இறக்கிக்கலாமா?" என்கிறார். கம்ப்யூட்டரில் ஒரே சொடுக்கு. ஆனால் டி மேஜர் டி ஃப்ளாட்டாக மாறும்போது வாசிப்பவர்களுக்குத் திறந்த தந்தியின் ஆதரவு பெரும்பாலும் போய்விடுகிறது. அதே ஸ்வரக்கோவை மூடிய குரலில், கொஞ்சம் இருட்டாகக் கேட்கும். சில பாட்டுக்கு அந்த இருட்டே பொருத்தமாக அமையும். பொருந்துகிறதா என்று யோசித்துவிட்டுத் தலையாட்டுங்கள்.

வில்தான் மூச்சு

வயலின் வில்லின் நீளம் சுமார் முக்கால் மீட்டர். உரக்க வாசித்தால் சில நொடிகளில் தீர்ந்துவிடும். மெல்ல வாசித்தால் பத்து நொடிகூடத் தாங்கும். கைப்பிடியிலிருந்து நுனிவரை இழுப்பது டவுன் போ. நுனியிலிருந்து திரும்பி வருவது அப் போ. கைப்பிடிப் பக்கம் கையின் முழு கனமும் தந்தியில் இறங்கும், நுனிப் பக்கம் கனம் குறையும். அதனால் அழுத்தம் விழும் சமத்தில் டவுன் போ, அதற்கு முந்தைய எடுப்பில் அப் போ என்பது பொது வழக்கம். உச்சத்தை நோக்கி ஏறும் வரிக்கு அப் போ தோது. தேயும் வரிக்கு டவுன் போ.

நோட்டேஷனில் ஸ்லர் என்று ஒரு வளைவு போடுகிறோமே, பியானோ படித்தவர்களுக்கு அது "சேர்த்து வாசி" என்பதற்கான குறி. வயலின்காரருக்கு அது "இத்தனை ஸ்வரமும் ஒரே வில்லில்" என்ற நேரடி உத்தரவு. நாலு பார் நீளத்துக்கு வளைவு போட்டு ஃபோர்டிஸிமோ என்றும் எழுதினால் நடைமுறையில் முடியாத ஒன்றைக் கேட்கிறீர்கள். குழுவாக வாசிப்பவர்கள் சமாளிப்பார்கள்: ஆளுக்கு ஒரு இடத்தில் வில்லைத் திருப்பிக்கொள்வார்கள், கேட்பவருக்கு ஒட்டு தெரியாது. ஆனால் அப்படித் திருப்பலாம் என்று நீங்கள் குறிப்பிட வேண்டும். சோலோ வாசிப்பவருக்கு அந்த வசதியும் கிடையாது.

எட்டு ஸ்வரம் உள்ள ஒரு எளிய வரியை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுக்கும் தனித்தனி வில் என்றால் வரி நடக்கும். இரண்டிரண்டாகச் சேர்த்தால் பெருமூச்சு விடும். எட்டும் ஒரே வில்லில் என்றால் வழுக்கிக்கொண்டு போகும். எட்டுக்கும் டவுன் போ, அதாவது ஒவ்வொரு முறையும் வில்லைத் தூக்கிக் கைப்பிடிக்குக் கொண்டுவந்து திரும்ப இழுப்பது என்றால் கோடாலி விழும். ஸ்வரம் ஒன்றும் மாறவில்லை. 1913-இல் ஸ்ட்ராவின்ஸ்கி 'ரைட் ஆஃப் ஸ்பிரிங்'கில் இந்தக் கடைசி வித்தையைத்தான் செய்தார்: திரை விலகியதும் ஸ்ட்ரிங்ஸ் ஒரே கார்டைத் திரும்பத் திரும்ப அடிக்கிறது, ஒவ்வொன்றுக்கும் டவுன் போ. அந்த முரட்டுத்தனத்தில் பாதி அந்தக் கார்டில் இருக்கிறது, மீதி வில்லில்.

நீங்கள் வில் குறி போடாவிட்டால் ஃபர்ஸ்ட் வயலின் தலைவர் போட்டுக்கொள்வார். நன்றாகவும் போடுவார். ஆனால் ஸ்டுடியோவில் அவர் பென்சிலை எடுத்து எல்லோருக்கும் சொல்லி முடிக்கும்வரை மணிக்கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். முக்கியமான இடங்களிலாவது நீங்களே போட்டுக் கொடுங்கள்.

கார்டை எப்படிப் பங்கு போடுவது

எல்லோரும் எழுதும் ஒரு நாலு பாரை எடுத்துக்கொள்வோம்: டி மேஜர், பி மைனர், ஜி மேஜர், ஏ மேஜர். கீபோர்டில் வாசித்தால் கை நாலு முறை தாவும். ஸ்ட்ரிங்ஸில் யாரும் தாவ வேண்டியதில்லை.

முதல் மூணு கார்டிலும் டி என்ற ஸ்வரம் பொது. அதை வயோலாவிடம் கொடுங்கள். மூணு பாரும் அவர் டி-யிலேயே நிற்பார். நாலாவது பாரில் அரைப்படி இறங்கி சி ஷார்ப். செகண்ட் வயலினுக்கு எஃப் ஷார்ப், மறுபடியும் எஃப் ஷார்ப், பிறகு ஜி, கடைசியில் ஈ. யாருக்கும் பெரிய நகர்வே இல்லை. கார்டு மாறியதும் தெரிகிறது, மாறிய தழும்பு தெரியவில்லை. வேர் ஸ்வரங்களை டபுள் பாஸிடம் விட்டுவிட்டால் செல்லோவின் கை காலியாகிவிடும். அவரை ஏ தந்திக்கு ஏற்றிவிட்டு ஒரு எதிர்ப்பாட்டு பாடச் சொல்லுங்கள். மேலே ஃபர்ஸ்ட் வயலினில் மெட்டு. கீபோர்டில் ஒரே கட்டியாக இருந்த கார்டு இப்போது ஐந்து பேர் பேசும் பேச்சாகிவிட்டது.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யலாம். ஐந்து வரியில் ஏதாவது ஒன்றை, செகண்ட் வயலினையோ வயோலாவையோ, தனியாகப் பாடிப் பாருங்கள். பாட வரவில்லை, தொண்டை எங்கெங்கோ எகிறுகிறது என்றால் வாசிப்பவருக்கும் அப்படித்தான் இருக்கும். இப்படி உள்வரியில் உட்கார்ந்து வாசிப்பவர்கள் சலித்துப்போனால் மொத்தக் குழுவின் சத்தமும் சப்பென்று ஆகிவிடும். பாக்கின் ஆறாவது பிராண்டன்பர்க் கான்செர்ட்டோவில் வயலினே கிடையாது, வயோலாக்கள்தான் முன்னால் நின்று பாடுகின்றன. எந்த வரியையும் இட்டு நிரப்பும் வரி என்று நினைக்காத ஆள் அவர்.

இன்னொரு விதி: கீழே அகலம், மேலே நெருக்கம். பாஸும் செல்லோவும் அடித்தட்டில் இருக்கும்போது அவர்களுக்கு நடுவே கிட்டக்கிட்ட ஸ்வரங்களைத் திணித்தால் சேறாகிவிடும். அங்கே ஆக்டேவ், பஞ்சமம் மாதிரி பெரிய இடைவெளி விடுங்கள். மேலே போகப்போக நெருக்கிக்கொள்ளலாம்.

ஒரே கருவியில் இரண்டு ஸ்வரம் சேர்த்து வாசிக்கும் டபுள் ஸ்டாப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டில் ஒன்று திறந்த தந்தியாக இருந்தால் சுலபம். ஆறாம் இடைவெளி கைக்கு இதமானது. மூணு ஸ்வரம் என்றால் அழுத்தி அடிக்கும் ஒரு நொடிக்கு மட்டும்தான் மூணும் சேர்ந்து ஒலிக்கும். நாலு என்றால் கீழே இரண்டு, மேலே இரண்டு என்று உடைத்துத்தான் வாசிக்க முடியும். தந்திகளைத் தாங்கும் குதிரை (பிரிட்ஜ்) வளைவாக இருப்பதால் வில் ஒரே நேரத்தில் நாலு தந்தியையும் தொடாது. நிதானமாக நிற்கும் கார்டு வேண்டுமென்றால் டபுள் ஸ்டாப்பை மறந்துவிட்டு டிவிஸி போடுங்கள். அதாவது குழுவைப் பிரித்து ஆளுக்கு ஒரு ஸ்வரம்.

எத்தனை பேர்

ஒரு ஸ்வரத்தை ஒருவர் வாசிப்பதும், இரண்டு பேர் வாசிப்பதும், பத்து பேர் வாசிப்பதும் மூணு வேறு ஒலி. ஒருவர் என்றால் மனிதக் குரல். பத்து பேர் என்றால் ஒவ்வொருவரின் சின்னச் சின்ன ஸ்ருதி வித்தியாசமும் விரல் அசைவும் கலந்து பட்டு மாதிரி ஒரு பரப்பு. இரண்டு பேர்தான் தகராறு. இருவரின் ஸ்ருதியும் மயிரிழை விலகினாலும் அப்பட்டமாகக் கேட்கும். அதனால் டிவிஸி போடும்போது ஒரு வரிக்கு இரண்டே பேர் வரும்படி பிரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவர், இல்லையென்றால் மூணு பேருக்கு மேல்.

இதைக் காதால் கேட்டுத் தெரிந்துகொள்ள வான் வில்லியம்ஸின் 'தாலிஸ் ஃபாண்டேசியா'வைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது. 1910-இல் இங்கிலாந்தின் க்ளஸ்டர் தேவாலயத்தில் அரங்கேறியது. முழுக்க முழுக்க ஸ்ட்ரிங்ஸ். ஆனால் அதை மூணு குழுவாகப் பிரித்திருக்கிறார்: ஒரு பெரிய குழு, தள்ளி உட்கார்ந்த ஒன்பது பேர் கொண்ட சின்னக் குழு, நாலு சோலோ வாசிப்பாளர்கள். பெரிய குழு ஒரு வரியைச் சொல்ல, ஒன்பது பேர் அதைத் தூரத்திலிருந்து திருப்பிச் சொல்கிறார்கள். ரிவெர்ப் என்று இன்று நாம் ஒரு ப்ளக்-இன்னில் போடுவதை அவர் ஆட்களை வைத்தே எழுதிவிட்டார். ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

நம்முடைய பட்ஜெட்டில் பெரும்பாலும் நாலு பேரோ எட்டுப் பேரோதான் கிடைப்பார்கள். எட்டுப் பேர் இருக்கும்போது ஆறு ஸ்வர கார்டு எழுதினால் ஆறும் மெலிந்துபோகும். மூணு வரியாகக் குறைத்தால் அதே எட்டுப் பேர் இருபது பேர் மாதிரி கேட்பார்கள்.

மெட்டை எங்கே வைப்பது

முதலில் தோன்றுவது ஃபர்ஸ்ட் வயலின். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே செகண்ட் வயலினும் அதையே வாசித்தால் பலம் கூடும். சினிமாவில் நாம் கேட்டுப் பழகிய அகன்ற ஸ்ட்ரிங்ஸ் சத்தத்தில் பெரும்பங்கு இந்த ஆக்டேவ்தான். அது பழகிப்போனதும் வேறு இடங்களைத் தேடுங்கள்.

செல்லோவின் ஏ தந்தி, ஆண் குரல் உருகிப் பாடும் இடம். பீத்தோவனின் ஐந்தாம் சிம்ஃபனியில் இரண்டாம் பகுதியை வயோலாவும் செல்லோவும் சேர்ந்துதான் ஆரம்பிக்கின்றன. இரண்டும் ஒரே வரியைச் சேர்ந்து பாடும்போது செல்லோவின் உருக்கமும் வயோலாவின் அடக்கமும் கலந்து மூன்றாவது குரலொன்று பிறக்கிறது. ரோசினியின் 'வில்லியம் டெல்' ஓவர்ச்சரை உலகமே கடைசிக் குதிரை ஓட்டத்துக்காகத்தான் நினைவு வைத்திருக்கிறது. அந்த ஓவர்ச்சர் ஐந்து சோலோ செல்லோக்களில் ஆரம்பிப்பதைக் கேட்டுப் பாருங்கள்.

தந்தியையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ஒரே ஸ்வரத்தை வயலினில் ஏ தந்தியிலும் வாசிக்கலாம், ஜி தந்தியில் கையை மேலே ஏற்றியும் வாசிக்கலாம். ஜி தந்தி தடிமன். அதில் மேலே போகும்போது குரல் திணறி, அடர்ந்து, கிட்டத்தட்டப் பெண் கீழ்க்குரல் மாதிரி ஒலிக்கும். பாக்கின் ஒரு மெட்டை 1871-இல் வில்ஹெல்மி என்ற வயலின் கலைஞர் சுருதி இறக்கி, முழுவதும் இந்த ஒரே தந்தியில் வாசிக்கும்படி அமைத்தார். 'ஏர் ஆன் தி ஜி ஸ்ட்ரிங்' என்ற பெயர் அப்படி வந்தது.

மெட்டை ஒருவரிடமும் கொடுக்காமலேகூட எழுதலாம். 1893 அக்டோபரில் பீட்டர்ஸ்பர்கில் சாய்கோவ்ஸ்கி தன் ஆறாவது சிம்ஃபனியைத் தானே நடத்தினார்; ஒன்பது நாளில் இறந்தும்போனார். அதன் கடைசிப் பகுதியின் ஆரம்பத்தில் இறங்கி இறங்கி வரும் ஒரு சோக மெட்டு கேட்கும். ஸ்கோரைத் திறந்தால் அந்த மெட்டு எந்த வரியிலும் கிடையாது. ஒரு ஸ்வரம் ஃபர்ஸ்ட் வயலினில், அடுத்தது செகண்ட் வயலினில் என்று மாற்றி மாற்றி வைத்திருக்கிறார். தனித்தனியாக வாசித்தால் இரண்டும் கோணல் மாணலான வரிகள். சேர்ந்தால்தான், அதுவும் கேட்பவர் காதில்தான், மெட்டு உருவாகிறது. அந்தக் காலத்தில் ஃபர்ஸ்ட் வயலின்கள் மேடையின் ஒரு பக்கமும் செகண்ட் வயலின்கள் எதிர்ப்பக்கமும் உட்காருவது பரவலான வழக்கம். அழுகை இரண்டு பக்கமும் மாறி மாறி விம்மியிருக்கும். இரண்டு குழுவையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைக்கும் இன்றைய பல மேடைகளில் அந்த விம்மல் பாதி தொலைந்துவிடுகிறது. அதே மெட்டு பின்னால் திரும்பி வரும்போது நேராக ஃபர்ஸ்ட் வயலினிடமே கொடுத்துவிடுகிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஆர்கெஸ்ட்ரேஷன் என்றால் என்ன என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

உச்சம் எழுதுவதற்கு சாமுவேல் பார்பர். 1936-இல் ஒரு குவார்ட்டெட்டின் நடுப்பகுதியாக எழுதியதைப் பெரிய குழுவுக்கு விரித்தார். 1938-இல் கண்டக்டர் டோஸ்கனினி அதை நியூயார்க்கிலிருந்து வானொலியில் நடத்தினார். 'அடேஜியோ ஃபார் ஸ்ட்ரிங்ஸ்' என்ற பெயரில் தெரிந்திருக்கும். உச்சத்தில் வயலின் மட்டும் மேலே போகவில்லை, செல்லோவும் தன் சொந்த வீட்டை விட்டு வயலின் வட்டாரத்துக்கு ஏறிவிடுகிறது. எல்லோரும் தங்கள் எல்லையின் விளிம்பில் நின்று கத்துகிறார்கள். பிறகு ஒரு மௌனம். அந்த மௌனத்தையும் அவர்தான் எழுதியிருக்கிறார்.

வித்தைகள், அளவோடு

வில்லை விட்டுவிட்டு விரலால் மீட்டுவது பிஸிகாட்டோ. மாண்டவெர்டி 1624-லேயே ஒரு போர்க் கதைக்கு இதைப் பயன்படுத்திவிட்டார். பதற்றத்துக்கு ஒரே ஸ்வரத்தை வேகமாகத் திருப்பித் திருப்பி வாசிப்பதும் அதே படைப்பில் இருக்கிறது. சாய்கோவ்ஸ்கியின் நாலாவது சிம்ஃபனி மூன்றாம் பகுதியில் ஸ்ட்ரிங்ஸ்காரர்கள் ஆரம்பம் முதல் முடிவுவரை வில்லையே தொடுவதில்லை. மீட்டிய ஸ்வரம் பாஸில் நின்று ஒலிக்கும், வயலினின் உச்சியில் டக்கென்று செத்துவிடும். நடைமுறையில் மறக்கக்கூடாதது நேரம். வில்லிலிருந்து விரலுக்கு மாற ஒரு கணம் தேவை. முந்தைய வரி அப் போவில் முடிந்தால் கை தந்திக்கு அருகிலேயே இருக்கும், மாறுவது சுலபம். விரலிலிருந்து வில்லுக்குத் திரும்ப இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள். குதிரையில் மாட்டிச் சத்தத்தை அடக்கும் மியூட்டைப் போடவும் எடுக்கவும் அதே மாதிரி ஒரு பார், இரண்டு பார் ஓய்வு விடுங்கள். கம்ப்யூட்டரில் இது ஒரு கீ-ஸ்விட்ச். மேடையில் ஓர் ஆள் கையை நீட்டி மாட்ட வேண்டும்.

வில்லைக் குதிரைக்கு ஒட்டி வைத்தால் கண்ணாடிக் கீறல் சத்தம். ஃபிங்கர்போர்டு பக்கம் நகர்த்தினால் குழல் மாதிரி வெற்று மென்மை. வில்லைத் திருப்பி மரத்தால் தட்டுவதும் உண்டு. ஹோல்ஸ்ட்டின் 'பிளானெட்ஸ்' செவ்வாயில் ஆரம்பிக்கும்போது 5/4 தாளத்தில் எலும்பு தட்டுவது போல் கேட்பது அதுதான். நல்ல வில்லின் விலை தெரிந்தவர்கள் இதற்கு முகம் சுளிப்பார்கள். சிலர் பழைய வில் ஒன்றை இதற்கென்றே எடுத்து வருவார்கள். உங்கள் நாலு நிமிஷப் பாட்டில் இவ்வளவையும் கொட்டாதீர்கள்.

அளவோடு என்றால் எப்படி என்பதற்கு 'சைக்கோ'. 1960. பெர்னார்ட் ஹெர்மன் படம் முழுக்க ஸ்ட்ரிங்ஸை மட்டும் வைத்துக்கொண்டார். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஒரே நிறக் குடும்பம். ஸ்கோரில் கேட்டிருப்பது பதினாலு ஃபர்ஸ்ட் வயலின், பன்னிரண்டு செகண்ட், பத்து வயோலா, எட்டு செல்லோ, ஆறு பாஸ். படம் நெடுக எல்லோருக்கும் மியூட். சத்தம் கம்மிக்கொண்டு, அடங்கியே போகிறது. குளியலறைக் கொலை வரும்போது மட்டும் மியூட்டை எடுக்கச் சொல்கிறார். அங்கே இயக்குநர் ஹிட்ச்காக் முதலில் இசையே வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார். கீழிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கி ஏறும் அந்தக் கிறீச்சொலியை இன்றுவரை எல்லோரும் காப்பி அடிக்கிறார்கள். அதற்கு முன்னால் வரும் அடக்கத்தை யாரும் காப்பி அடிப்பதில்லை. காப்பி எடுபடாமல் போவதும் அதனால்தான்.

மெட்ராஸ் சமாச்சாரம்

"அதெல்லாம் வெள்ளைக்காரன் சங்கதி" என்று யாராவது சொன்னால் இளையராஜாவைக் காட்டுங்கள். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர். பேப்பரில் கையால் ஸ்கோர் எழுதி, பிரித்துக் கொடுத்து, வந்தவர்கள் பார்த்து வாசிக்க, அன்றைக்கே பாட்டு ரெக்கார்ட் ஆன ஊர் இது. அந்த வேகத்தில் எழுதும்போது வாசிக்க வராத ஒரு ஸ்வரத்தை எழுத நேரமே கிடையாது. 1986-இல் வந்த அவருடைய 'ஹௌ டு நேம் இட்' தொகுப்பை வி.எஸ்.நரசிம்மனின் வயலினுக்காகக் கேட்டிருப்பீர்கள். அடுத்த முறை வயலினை விட்டுவிட்டு உள்வரிகளை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் ஸ்ட்ரிங்ஸ் பேசும், பாடகர் பேசும்போது ஒதுங்கும் என்ற மரியாதையை இளையராஜாவின் படப் பாடல்களிலேயே கற்றுக்கொள்ளலாம்.

நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. கமகம் உள்ள மெட்டைப் பன்னிரண்டு வயலினுக்குச் சேர்த்துக் கொடுத்தால் பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு விதமாக அசைப்பார்கள், வரி கலங்கிவிடும். ஒன்று, எந்த ஸ்வரத்திலிருந்து எதற்கு, எந்த மாத்திரையில் அசைவு என்று எழுதிக் கொடுத்து ஒத்திகை பார்க்க வேண்டும். இல்லையென்றால் கமகத்தை ஒரே ஒரு சோலோ வயலினிடம் விட்டு, மற்றவர்கள் அடியில் நீண்ட ஸ்வரங்களைப் பிடித்துக்கொள்ளட்டும். இரண்டாவது வழி எப்போதும் கைகொடுக்கும்.

இந்த வாரத்துக்கு ஒரு வேலை

மேலே சொன்ன டி, பி மைனர், ஜி, ஏ நாலு பாரையும் ஒரு குவார்ட்டெட்டுக்கு எழுதுங்கள். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. பாஸ் இல்லாததால் வேர் ஸ்வரத்துக்கு செல்லோ எப்போது இறங்க வேண்டும், எப்போது ஏறலாம் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கீபோர்டைத் தொடாமல் பேப்பரில் எழுதுங்கள். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் எந்தத் தந்தி, எந்தப் பக்கம் வில் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு வாசிக்க ஆள் தேடுங்கள். சென்னையில் இருந்தால் கஷ்டமே இல்லை, கே.எம். மியூசிக் கன்ஸர்வேட்டரி மாதிரி இடங்களில் படிக்கிறவர்களோ, ட்ரினிட்டி கிரேடு தேர்வுக்குத் தயாராகிற பக்கத்துத் தெருப் பிள்ளையோ நிச்சயம் அகப்படும். நாலு பேர் கிடைக்காவிட்டால் ஒருவரை வைத்து நாலு வரியையும் தனித்தனியாக வாசிக்கச் சொல்லுங்கள், வயலினுக்கு எட்டாததை ஸ்தாயி ஏற்றி. அவர்கள் வாசிக்கும்போது உங்கள் கண் பேப்பரில் இருக்க வேண்டாம். முகத்தைப் பாருங்கள், வலது முழங்கையைப் பாருங்கள். புருவம் சுருங்குகிற பார் எதுவோ, முழங்கை தடுமாறுகிற பார் எதுவோ, அதைத்தான் திருத்த வேண்டும். வீட்டுக்குப் போய்த் திருத்துங்கள். லைப்ரரி வாங்குவதை அப்புறம் யோசிக்கலாம்.